செஸ்னா கேரவன்: விமானம் வந்தது, பை வரவில்லை

அலாஸ்காவில் வேலை கிடைத்திருக்கும் நண்பர் ஒருவர், "கோட்செபூவிலிருந்து கிராமங்களுக்கு அந்தக் குட்டி விமானத்தில்தான் போகணுமாமே, பயமா இருக்காதா?" என்று கேட்டார். வேலை நிமித்தம் சில வருடங்களாக அதில் போய்வருகிறேன். பயம் சீக்கிரம் போய்விடும். பையைப் பற்றிய கவலைதான் போகாது.

விமானத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒற்றை எஞ்சின், பெரும்பாலும் ஒரே பைலட், ஒன்பது பேர் வரை உட்காரலாம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே நோவாடாக் ஆறு நெளிந்து போவது முழுசாகத் தெரியும். சரளைக்கல் ஓடுபாதையில் சக்கரம் படும்போது கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். கடலிலிருந்து மூடுபனி ஏறினால் அன்றைய நாள் போச்சு. அதற்காக யாரையும் திட்ட மாட்டேன். பைலட் வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கவுண்டரில் பையோடு நம்மையும் நிறுப்பார்கள், பார்க்கா எனும் தடித்த குளிர் அங்கி, பூட்ஸ் சகிதம். மொத்த எடை கூடிப்போனால் என் அனுபவத்தில் முதலில் இறங்குவது பை. "அடுத்த ஃப்ளைட்டில் வரும்" என்பார்கள். அடுத்தது இன்றைக்கா, பனி விலகிய பிறகா என்று கேட்கக் கூடாது.

போன வாரம் அந்த ஆற்றங்கரையிலுள்ள நோவாடாக் கிராமத்தில் இறங்கினேன். விமானத்தின் வயிற்றுக்கு அடியிலிருக்கும் சரக்குப் பெட்டியிலிருந்து சோடா வந்தது, சிப்ஸ் வந்தது, டயப்பர் வந்தது. விமான நிறுவனத்தின் உள்ளூர் ஏஜென்ட் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். என் பை கோட்செபூவிலேயே நின்றுவிட்டது. ஸ்லீப்பிங் பேக் அதற்குள். தங்குமிடமோ பள்ளிக்கூடத் தரை. இரவு முழுக்க உடற்பயிற்சிப் பாயில் பார்க்காவைப் போர்த்திக்கொண்டு அந்தச் சிப்ஸையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நியாயமாகப் பேசினால், அந்தச் சிப்ஸ் இல்லாமல் இந்த விமானமே இல்லை. இந்த ஊர்களுக்குச் சாலை கிடையாது. ஆறு ஆழம் குறைந்துபோனதால் நோவாடாக்குக்கு எரிபொருள்கூட வானத்தில்தான் வருகிறது. கடைச் சரக்கு 'பைபாஸ் மெயில்' என்ற கணக்கில், தபால் நிலையத்துக்குள் நுழையாமலே தபால் கட்டணத்தில் பறக்கிறது. குறைந்தது 1,000 பவுண்டு, அதாவது 450 கிலோ சொச்சம், சேர்ந்தாற்போல் அனுப்ப வேண்டும். அந்த வருமானம் இல்லையென்றால் என் டிக்கெட் விலை எங்கேயோ போயிருக்கும். குழந்தைக்கு டயப்பர் முக்கியமா, என் படுக்கை முக்கியமா என்றால் டயப்பர்தான். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 2002-இல் ஒரு சட்டம் வந்தது. பயணிகளை ஏற்றும் நிறுவனங்களுக்கு இந்தத் தபாலில் பெரும்பங்கு என்பது அதன் சாரம். அதாவது, நான் ஏறி உட்காருவதால்தான் சிப்ஸ் அவர்கள் கைக்கு வருகிறது! அப்புறம் எதற்கு என் பை மட்டும் கீழே? மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இந்த வழியில் கனம் மடியில் இல்லாவிட்டால்தான் பயம்.

பைலட்டிடம் குறையில்லை, ஏஜென்ட் தங்கமான மனிதர், ஜன்னலோர இருக்கைக்கு ஈடே கிடையாது. இருந்தாலும் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். பை வந்து சேர்ந்ததும் வேண்டுமானால் மறுபடி கேளுங்கள்.

நண்பரே, ஸ்லீப்பிங் பேக், மாத்திரை, சார்ஜர் மூன்றையும் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதையும் நிறுப்பார்கள்தான், ஆனால் என்னிடம் இதுவரை யாரும் பறித்ததில்லை.