நடுவழியா, ஆசைக் குறைப்பா, வேரோடு களைவதா: கிரேக்கர்களின் மூன்று பாதைகள்

பண்டைய கிரேக்கத்தின் டெல்ஃபி கோயிலில் ‘எதிலும் மிகை வேண்டாம்’ என்று பொறித்து வைத்திருந்தார்கள். எங்கே மிகை தொடங்குகிறது என்பதில்தான் ஏதென்ஸின் சிந்தனைப் பள்ளிகள் பிரிந்தன.

மிகைக்கும் குறைவுக்கும் இடையில் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) சொன்ன ‘நடு’ என்பதைச் சராசரி என்று எடுத்துக்கொண்டு பலரும் சறுக்குகிறார்கள். அவரே இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறார். பத்து மினா உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லாருக்கும் ஆறு மினா என்று விதிக்க மாட்டார். மல்யுத்த வீரர் மைலோவுக்கு ஆறு போதாது. புதிதாகப் பயிற்சிக்கு வந்தவருக்கு அதுவே மிகை. (மினா ஓர் எடை, ஏறக்குறைய 430 கிராம்.) ஆக, அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடிக்க அவர் சொல்லும் வழி: நம் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும், வளைந்த மரத்தை நிமிர்த்துகிறவர்களைப் போல. கை இறுகியவர் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்துப் பழகினால்தான் நடுவுக்கு வருவார். திருட்டு, கொலை போன்றவற்றுக்கு மட்டும் நடு கிடையாது.

எபிகூரஸ் (கி.மு. 341–270) அளப்பதற்கு முன் ஆசைகளைப் பிரிக்கிறார். பசிக்கு உணவு இயற்கையானது, அவசியமானது. விதவிதமான பதார்த்தம் இயற்கையானது, ஆனால் அவசியமில்லை. தனக்குச் சிலையும் புகழ்மாலையும் வேண்டும் என்ற ஆசை இயற்கையானதும் இல்லை, அவசியமானதும் இல்லை. ஒரு சிறு பானை பாலாடைக்கட்டி கிடைத்தால் நினைத்தபோது விருந்தே வைத்துக்கொள்வேன் என்று நண்பருக்கு எழுதியவர் அவர். எளிமைக்கும் ஓர் எல்லை உண்டு என்றும் அவர் எச்சரித்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆக, சாப்பாட்டில் அளவு தவறினால் அரிஸ்டாட்டில் வழி பொருந்தும். கடைவீதியில் பணம் கரைந்தால் எபிகூரஸ் வழி.

கோபத்தில்தான் உண்மையான மோதல். சரியான ஆள்மீது, சரியான காரணத்துக்கு, சரியான அளவில் கோபப்படலாம் என்கிறார் அரிஸ்டாட்டில்; கோபமே வராததும் அவருக்குக் குறைதான். மூன்றாவது பள்ளியினரான ஸ்டோயிக்குகள் இதை ஒப்பவில்லை. கோபம் தவறான தீர்ப்பிலிருந்து பிறக்கிறது, தவறில் மிதமான அளவு ஏது என்பது அவர்கள் வாதம். கோபத்தை விழுங்கி உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னதாக நினைப்பது பிழை. ‘எனக்குத் தீங்கு நடந்துவிட்டது’ என்ற அந்தத் தீர்ப்பைத்தான் சோதிக்கச் சொன்னார்கள்.

முன்கோபிக்கு ஸ்டோயிக் வழியே மேல். அவருக்குத் தன் கோபம் ஒவ்வொன்றும் நியாயமாகவே படும். அரிஸ்டாட்டிலின் நிபந்தனைகள் அவரைத் தடுக்காது. ஸ்டோயிக் சிந்தனையாளர் எபிக்டெட்டஸ் சொன்ன கணக்கு எளிது: கோபப்படாத நாட்களை எண்ண வேண்டும். தினமும் வந்தது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகும், பிறகு இரண்டு நாள் விட்டு, மூன்று நாள் விட்டு. முப்பது நாள் தாண்டினால் கடவுளுக்குப் பலி செலுத்தச் சொல்கிறார்.