மதியச் சாப்பாட்டுக்குத் தாக்குப்பிடிக்கும் லிப்ஸ்டிக் எது? புல்லட், லிக்விட் மேட், டின்ட்: ஓர் அலசல்

லிப்ஸ்டிக் வாங்கப் போனால் முதலில் கண் போவது ஷேடுக்குத்தான். ஆனால் வாங்கிய லிப்ஸ்டிக் டிராயரில் தூங்குவதற்கு நிறம் காரணமாக இருப்பது குறைவு. மதியம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்த பிறகு அது உதட்டில் எந்தக் கோலத்தில் நிற்கிறது என்பதுதான் விஷயம். எண்ணெயும் உதட்டு வறட்சியும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிடும்.

இன்று எல்லாரும் கேட்டு வாங்குவது லிக்விட் மேட், அதாவது திரவமாகப் பூசி, பளபளப்பில்லாமல் காயும் லிப்ஸ்டிக். ‘டப்பாவில் திரவம், உதட்டில் படலம்’ என்பதுதான் இதன் சூட்சுமம். ஐசோடோடெக்கேன் போன்ற சட்டென ஆவியாகும் கரைப்பானில் நிறமியும் சிலிக்கோன் பிசினும் கலந்திருக்கும். கரைப்பான் பறந்ததும் பிசின் உதட்டோடு ஒட்டிக் காய்ந்துவிடும். அதனால்தான் டம்ளரில் ஒட்டாது, துப்பட்டாவில் படாது. தண்ணீரை அண்ணாந்து குடித்துப் பழகியவர்களுக்கு ‘டம்ளரில் ஒட்டாது’ என்பது பெரிய வரமில்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் படலம் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு அசையும். தயிர் சாதம், இட்லி என்றால் பிழைத்துக்கொள்ளும். பிரியாணி, பரோட்டா சால்னா, வடை என்றால் உதட்டின் உள்விளிம்பிலிருந்து உரியத் தொடங்கும். நடுவில் வெளுத்து, ஓரத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டது போல நிற்கும். அதன் மேலேயே இன்னொரு கோட் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. புதிய கோட்டின் கரைப்பான் பழைய படலத்தை இளக்கிவிடும். இரண்டும் சேர்ந்து ரப்பர் அழித்த தூள் மாதிரித் திரளும். முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். துடைக்கத் தண்ணீர் உதவாது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, உதட்டில் அரை நிமிடம் வைத்திருந்து, ஓரத்திலிருந்து உள்நோக்கித் துடைத்தால் வந்துவிடும். ஆபீஸ் கழிவறையில் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்பதை வாங்கும்போதே யோசித்துவிடுங்கள்.

போடும் முறையிலும் பிடிவாதம் வேண்டும். பத்து நிமிடம் முன்பே லிப் பாம் தடவி ஊறவிட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பாமின் எண்ணெய் மிச்சம் இருந்தால் படலம் பிடிக்காது. ஒரே ஒரு மெல்லிய கோட். ஒரு நிமிடம் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வாயைச் சற்றுத் திறந்து வைத்திருங்கள். பழக்கதோஷத்தில் உதட்டை அழுத்தித் தேய்த்தீர்களோ, அந்த இடத்தில் திட்டுத் திட்டாக வந்துவிடும்.

புல்லட் என்கிற குச்சி லிப்ஸ்டிக் இதற்கு நேர்மாறு. மெழுகு, எண்ணெய் (பெரும்பாலும் விளக்கெண்ணெய்), நிறமி. இது காய்வதில்லை, உதட்டின் மேல் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் எல்லாவற்றிலும் ஒட்டும், சாப்பிட்டால் போய்விடும். ஆனால் போகும்போது சீராகப் போகும், திட்டாக நிற்காது. மறுபடி போட இருபது வினாடி போதும், கண்ணாடிகூட வேண்டாம். தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு, உதடு வறண்டு வெடிப்பவர்களுக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். உதட்டுத் தோல் மெல்லியது. முகத்தில் எண்ணெய் சுரப்பது போல உதட்டில் சுரப்பதில்லை. ஏசி அறையில் எட்டு மணி நேரம் இருப்பவர் அதன் மேல் காய்ந்த படலத்தையும் போட்டால், சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும்.

புல்லட்டிலேயே மேட், கிரீம் என்று இரண்டு உண்டு. மேட்டில் நிறமியும் பவுடரும் அதிகம், எண்ணெய் குறைவு. கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும், கொஞ்சம் இழுக்கும். கிரீம் வழுக்கிக்கொண்டு போகும், ஓரத்தில் கசியவும் செய்யும். இரண்டையும் நீடிக்கவைக்க ஒரு வழி: அதே நிற லைனரால் (உதட்டுப் பென்சில்) ஓரத்தை மட்டுமல்ல, உதடு முழுக்க நிரப்புங்கள். மேலே ஒரு கோட் புல்லட், டிஷ்யூவால் ஒற்றல், மீண்டும் ஒரு கோட். சாப்பாட்டுக்குப் பிறகும் அடியில் லைனர் நிறம் மிச்சமிருக்கும்.

புல்லட்டுக்கு எமன் வெயில். மே மாதத்தில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தால் இளகிச் சாய்ந்துவிடும். குச்சியின் மேல் சிறு எண்ணெய்த் துளிகள் பூத்தால் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சூட்டில் எண்ணெய் பிரிந்து வெளியே வந்திருக்கிறது. கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத் துளிகளை ஒற்றி எடுங்கள். காறல் வாடை வந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

லிப் டின்ட் மூன்றாவது போட்டியாளர். நம் வீட்டுப் பாட்டிகளின் வெற்றிலைச் சிவப்பு மாதிரி, சாயம் தோலிலேயே ஏறிவிடும். சாம்பார் எண்ணெயால் உரிக்க அங்கே படலமே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டின்ட் கண்ணாடித்தாள் போல ஊடுருவித் தெரியும் நிறம். விளம்பரப் படத்தில் இளஞ்சிவப்பு உதட்டில் செர்ரியாகத் தெரிவது, பழுப்பு உதட்டில் ஈரம் பட்ட மாதிரி மட்டுமே தெரியும். வாங்கினால் அடர் பெர்ரி, மாதுளைச் சிவப்பு பக்கம் போங்கள். தோல் உரிந்த இடத்தில் சாயம் கூடுதலாக ஏறிக் கரும்புள்ளி விழும். சட்டென்று பரப்பாவிட்டாலும் திட்டு விழும்.

நிறத்தில் நம்மூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது ‘நியூட்’ ஷேடில், அதாவது உதட்டின் இயல்பு நிறத்தோடு ஒட்டிப்போக வேண்டிய ஷேடில். வெளிர் நியூடில் வெண்மைக்காக டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ப்பார்கள். அந்த வெண்மை பழுப்பு உதட்டின் மேல் விழுந்தால் சாம்பல் பூத்தது போல, காய்ச்சலில் எழுந்து வந்தவர் போலத் தெரியும். உங்கள் உதட்டின் இயல்பு நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியான பழுப்பு ரோஜா, செங்கல், காபி நிறம்தான் உங்களுக்கு நியூட். டப்பாவில் என்ன பெயர் எழுதியிருந்தால் என்ன.

டெஸ்டரை நேரே உதட்டில் வைக்காதீர்கள். யார் யார் வாயில் பட்டதோ. புறங்கையும் சரியான இடமில்லை, அது உதட்டு நிறத்தில் இல்லை. விரல் நுனியின் உள்பக்கம் தடவி, கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். சில சிவப்புகள் நேரம் ஆக ஆக ரோஸாக மாறும்.

அட்டையில் சிஐ 75470 என்று இருந்தால் அது கார்மைன், பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு, சைவர்கள் கவனிக்க. திறந்த டப்பா படத்துக்குள் 12எம் என்றால் திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம். விலையைக் கிராமால் வகுத்தும் பாருங்கள். சாதாரண புல்லட் மூன்றரை கிராம் அளவில் இருக்கும். ‘மினி’ பல நேரம் மலிவே இல்லை. குறிப்பிட்ட ஒன்றைப் போட்டாலே உதடு அரித்துக் கருத்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

லிக்விட் மேட் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் கல்யாணம். ஓமப்புகை, வியர்வை, கண்ணீர், மாலை உரசல் எல்லாவற்றையும் தாங்கி முகூர்த்தம் வரை அப்படியே நிற்கும். பந்தியில் நெய்யும் அப்பளமும் வந்ததும் அதன் வேலை முடிந்தது. சாப்பிட்டு எழுந்து, எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, மதியப் படங்களுக்கு அதே நிறத்தில் ஒரு கிரீம் புல்லட்.