"ஆல்-இன்-ஒன் லென்ஸ்னா அப்படித்தான்" என்று கடையில் சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கமிருந்து ஈப்போவுக்குக் கேமரா சாமான் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு முழுக்க அந்தக் கடையைச் சுற்றியே போகும். இந்த வித்தையை அந்த ஒரு கடைதான் செய்கிறது என்றும் எனக்குத் தோன்றவில்லை. வித்தை இதுதான்: கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒரே லென்சாக வரும் ஆல்-இன்-ஒன் லென்சில், உள்ளே கோளாறு உள்ளதைப் புதுசு என்று விற்பார்கள். படம் சரியாக வரவில்லை என்று திரும்பிப் போனால், "ஆல்-இன்-ஒன் லென்ஸ்னா அப்படித்தான் தம்பி இருக்கும்" என்பார்கள். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அந்தப் பேச்சு எடுபடுகிறது.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. படம் எடுப்பது ஆசைக்குத்தான். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். காசு வாங்குவதில்லை. இது பின்னால் ஒரு விவகாரமாகவே வந்தது.

என்னிடம் இருப்பது சோனி ஏ6400. கூடவே 16-50, 55-210 என்று இரண்டு லென்ஸ். இந்த எண்கள் மி.மீ. கணக்கு: எண் சின்னது என்றால் அகலமாகப் பிடிக்கும், பெரிது என்றால் தூரத்தில் இருப்பதை இழுக்கும். தைப்பூசத்தில் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு சமாளித்தவர்களுக்குக் கஷ்டம் தெரியும். தூரத்தில் வரும் காவடிக்குப் பெரிய லென்சை மாட்டியிருப்போம். உறுமி அடித்துக்கொண்டு கூட்டம் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். கழற்றி மாற்றுவதற்குள் காவடி தாண்டிப் போய்விடும், திருநீறு படம் பதிகிற சென்சாரில் போய் உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போகும் திட்டமும் இருந்தது. அதனால் ஒரே லென்சாக 18-300 வாங்குவது என்று முடிவு செய்தேன். டாம்ரான் 2021-இல் சோனி இ மவுண்டுக்கும் (மவுண்ட் என்பது கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) ஃபியூஜி எக்ஸ் மவுண்டுக்கும் கொண்டுவந்தது இது. எடை 620 கிராம். சின்ன சென்சார் உள்ள என் கேமராவில் மாட்டினால், ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய சென்சார் கேமராவின் கணக்குக்கு 27 முதல் 450 வரை வரும். நல்ல லென்ஸ்தான், கம்பெனி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை விற்ற ஆளிடம்.

மற்ற இடங்களைவிட இருநூறு வெள்ளி (ரிங்கிட்) குறைத்து, இரண்டாயிரத்து நானூறு வெள்ளி என்றார்கள். ஃபோனில் இரண்டே கேள்வி கேட்டேன். புதுசா? ஒரிஜினல் செட்டா, ஏ.பி. செட்டா? நம் ஊரில் கைத்தொலைபேசி வாங்குகிற எல்லாருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். ஒரிஜினல் செட் என்றால் உள்ளூர் விநியோகஸ்தர் கொண்டுவந்தது, வாரண்டியும் அவருடையது. ஏ.பி. செட் வேறு வழியாக வந்தது, பழுதானால் கடைக்காரரின் மனசுதான் வாரண்டி. ஏ.பி. செட் என்று சொல்லி விற்றால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை, விலை குறைவு என்று தெரிந்தே வாங்குவோம். எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த பதில்: "புதுசு, ஒரிஜினல் செட், ஒரு வருஷ வாரண்டி." அந்த ஒரு வரிதான் கடைசியில் என்னைக் காப்பாற்றியது.

போய் வாங்கும்போது பெட்டியின் சீல் வெட்டியிருந்தது. "நாங்கதான் செக் பண்ணத் திறந்தோம் தம்பி" என்றார். கேமராவில் மாட்டி எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன், நடுவில் முள் வரைக்கும் தெளிவு. ரெசிட்டில் கையெழுத்தில் "லென்ஸ் 1" என்று எழுதியிருந்தது, அடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற வழக்கமான அச்சு வரி.

வீட்டில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. லென்சின் பின்பக்கம், கேமராவில் மாட்டும் உலோக வளையத்தில், வட்டமாகத் தேய்ந்த கோடுகள். ஒருமுறை இருமுறை மாட்டினால் அப்படிக் கோடு விழாது. பல நாள் மாட்டிக் கழற்றியிருக்க வேண்டும். வளையத்தின் திருகாணி ஒன்றின் தலை கடித்துப்போட்டதுபோல் சிதைந்திருந்தது, யாரோ பொருந்தாத திருப்புளியால் திறந்திருக்கிறார்கள். பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரும் லென்சில் இருந்த நம்பரும் வேறு வேறு. வாரண்டி அட்டையில் முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. ஃபோன் டார்ச்சை முன்கண்ணாடி வழியாக அடித்துப் பின்னாலிருந்து பார்த்தால், உள்கண்ணாடி ஒன்றில் வெள்ளை வெள்ளையாகக் கிளைவிட்ட நூல். பூஞ்சை.

அன்று ராத்திரியே சுவரில் நாளிதழை விரித்து ஒட்டினேன். முக்காலியில் கேமரா, சுவருக்கு நேராக, நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, லென்சின் திறப்பை எஃப் 8-இல் வைத்து, டைமர் போட்டு எடுத்தேன். 18, 50, 135, 300 நான்கிலும் ஒரே கதை. இடப்பக்கம் மரண அறிவித்தலில் பேரப்பிள்ளைகள் பெயர் வரைக்கும் படிக்க முடிந்தது. வலப்பக்கம் கொட்டை எழுத்துத் தலைப்பே கலங்கியிருந்தது. கேமரா சாய்ந்திருந்தாலும் இப்படி வரலாம் அல்லவா? அதனால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி எடுத்தேன். கோளாறு நாம் வைத்த கோணத்தில் இருந்தால், நாளிதழின் அதே பக்கம்தான் மறுபடியும் கலங்கும். லென்சில் இருந்தால் கலங்கல் கேமராவோடு சேர்ந்து மறுபக்கத்துக்குப் போகும். எனக்கு மறுபக்கத்துக்குப் போனது. உள்ளே ஒரு கண்ணாடி அச்சு விலகி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் கடையில் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு பக்கம் மட்டும் மங்கலா இருக்குண்ணே."

"ஆல்-இன்-ஒன் லென்ஸ்னா அப்படித்தான் தம்பி. பதினெட்டுலேர்ந்து முந்நூறு வரைக்கும் ஒரே லென்சுல கேட்டா எங்கேயாவது குறையத்தானே செய்யும்?"

"பூஞ்சை?"

"உங்க வீட்டு ஈரத்துக்கு வந்திருக்கும். தோட்டத்துப் பக்கம் ஈரம் அதிகம். டிரை பாக்ஸ் இருக்கா?"

ஒரே ராத்திரியில் பூஞ்சை முளைத்து நூல் விடுவதாக இருந்தால் தோட்டத்தில் யாரும் கேமராவே வைத்திருக்க முடியாது. ஈரத்தில் பூஞ்சை வரும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் டிரை பாக்ஸ் என்கிற ஈரம் அடக்கும் பெட்டியில் ஈரத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கிறோம். ஆனால் அது வளர நாள் எடுக்கும். பழுது பார்த்துத் தருவதற்கு முந்நூறு வெள்ளி கேட்டார். வேறு லென்ஸ் வேண்டுமென்றால் இதைப் பழைய விலைக்கு எடுத்துக்கொள்வாராம். நேற்று புதுசு என்று விற்றவர் இன்றைக்குப் பழசு என்று விலை பேசுகிறார்!

அந்த "அப்படித்தான்" என்ற பேச்சை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த வகை லென்சுக்குப் பிறவிக் குணங்கள் உண்டு. அவை இருந்தால் கடையைக் குறை சொல்ல முடியாது. 300-இல் எடுத்தால் 100-இல் இருக்கும் கூர்மை இருக்காது. மூலைகள் நடுப்பகுதியைவிட மங்கலாக இருக்கும், ஆனால் நான்கு மூலையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு. 18-இல் நேரான தூண் கொஞ்சம் வளையும், அதைக் கேமராவே சரிசெய்துவிடும். வெள்ளை வானத்துக்கு எதிரே செம்பனை ஓலையை எடுத்தால் ஓரத்தில் ஊதா கசியலாம். ஜூம் குழல் வெளியே நீண்டு உள்ளே போகும்போது காற்றோடு தூசியும் போகும். உள்ளே நாலைந்து தூசி தெரிந்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

பெரிய குறை வெளிச்சம்தான். எஃப் எண் கூடக்கூட லென்சின் திறப்பு சுருங்கும். 18-இல் எஃப் 3.5 ஆகத் திறக்கிற லென்ஸ் 300-இல் எஃப் 6.3-க்கு வந்துவிடும். எஃப் 2.8 லென்சோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். கோயிலுக்குள் விளக்கு வெளிச்சத்தில் அந்த லென்சுக்கு ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும் அளவு) 1600 போதுமென்றால் இதற்கு 8000 வேண்டும். நடுக்கம் தடுக்கும் வசதி நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், உறுமிக்காரரின் கையை அது நிறுத்தாது. இதையெல்லாம் சொல்லி விற்கிற கடைக்காரர் நல்லவர்.

பிறவிக் குணத்தில் சேராதவை: எந்த ஜூமிலும் ஒரே பக்கம் மட்டும் கலங்குவது, பூஞ்சை, திறந்து பார்த்த திருகாணி, பொருந்தாத நம்பர். புது லென்சைக் கீழ்நோக்கிப் பிடித்தவுடன் குழல் தானாக விறுவிறுவென்று இறங்கினாலும் சந்தேகப்படுங்கள். நாள்பட்ட ஜூம் தளர்ந்து இறங்குவது சாதாரணம். பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அப்படி இறங்கினால் ஏற்கெனவே நிறைய உழைத்த லென்ஸ் அது. குழல் இறங்காமல் பிடிக்கப் பூட்டு இருக்கிறதே என்பார்கள். பூட்டு 18-இல் மட்டும்தான் பிடிக்கும்.

லென்சை உள்ளூர் விநியோகஸ்தரின் பழுது பார்க்கும் இடத்துக்கு அனுப்பினேன். இந்த நம்பர் தாங்கள் கொண்டுவந்தது இல்லை, லென்ஸ் முன்பே திறக்கப்பட்டிருக்கிறது என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அதையும் அந்த வாட்ஸ்அப் பதிலையும் வைத்துக்கொண்டு பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டேன். மலாய் மொழியில் சுருக்கமாக டி.டி.பி.எம். என்பார்கள். பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளி, ஒரு நாசி லெமாக் பசியாறுகிற காசு. 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், பிரச்சினை நடந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வேண்டாம், வரவும் கூடாது. தீர்ப்பு வந்தால் 14 நாளுக்குள் எதிர்த்தரப்பு அதன்படி நடக்க வேண்டும், மீறினால் குற்றம். ரெசிட்டில் அச்சடித்த "திரும்பப் பெறப்படாது" வரியைப் பார்த்து நிறையப் பேர் அடங்கிவிடுகிறார்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொடுக்கிற உரிமையை ஒரு கடை தன் ரெசிட்டால் அழித்துவிட முடியாது. பழையதைப் புதுசு என்று சொல்லி விற்பதையும் அதே சட்டம் தடுக்கிறது.

கடைக்காரர் கொடுத்த பதில்தான் வேடிக்கை. நான் படம் எடுத்துச் சம்பாதிக்கிறவனாம், வியாபாரத்துக்கு வாங்கியவன் பயனீட்டாளர் ஆக மாட்டானாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கியவருக்குத்தான் அந்தச் சட்டம் என்பது சரி, ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். கோயில் தலைவரிடம் இலவசமாகத்தான் எடுத்துக் கொடுக்கிறேன் என்று ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு எடுத்துக் காசு வாங்குகிற தம்பிகள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள், உங்களுக்கு இந்த வழி அடைபட்டுப் போகலாம்.

விசாரணைக்கு முன்பே ஃபோன் வந்தது. அதுவரை தம்பி என்று கூப்பிட்டவர் சார் என்றார். மனுவை முதலில் மீட்டுக்கொள்ளுங்கள், காசு போட்டுவிடுகிறேன் என்றார். காசு முதலில் வரட்டும் என்றேன். இரண்டாயிரத்து நானூறும் வங்கிக்கு வந்த பிறகுதான் லென்சைக் கொடுத்தேன். போக வர ஆன செலவும், அந்தத் தைப்பூசமும் போனது போனதுதான். கொஞ்ச நாள் கழித்து அதே கடை விற்பனைப் பட்டியலில் 18-300, "புதுசு" என்று போட்டிருந்தது. படத்தில் லென்சின் பின்பக்கத்தைக் காட்டவே இல்லை. அது நான் திருப்பிக் கொடுத்ததுதானா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அங்கே வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

அப்புறம், இதைக் கேள்விப்பட்டு என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு. முதலில் உங்கள் பழைய படங்களில் எத்தனை மி.மீ.-இல் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். எனக்கு முக்கால்வாசி 135-க்குள் அடங்கிவிட்டது. அதனால் கடைசியில் சோனி 18-135 வாங்கினேன், 325 கிராம்தான், நாள் முழுக்கக் கழுத்தில் கிடந்தாலும் தெரிவதில்லை. பறவை, பள்ளி ஓட்டப்பந்தயம் என்று தூரத்தில் எடுக்கிறவர்களுக்கு 18-300 சரி. ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர்களில் நிக்கான் இசட் ஆட்களுக்கு 24-200, கேனான் ஆர்எஃப் ஆட்களுக்கு 24-240 இருக்கிறது. கேனானுடையது 750 கிராம், தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சோனிக்கு டாம்ரான் 28-200 நன்றாக இருக்கும், 28-இல் எஃப் 2.8 கிடைக்கும். ஆனால் லென்சில் நடுக்கத் தடுப்பு இல்லை, கேமராவில் இருக்க வேண்டும். குறுகலான தெருவில் நின்று கோபுரத்தை முழுசாகப் பிடிக்க 28 பத்தாது, 24 வேண்டும். 200-க்கும் 240-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட இதுதான் பயணத்தில் உறைக்கும்.

ஃபுல் ஃப்ரேம் வைத்திருக்கும் என் மச்சானுக்கும் ஒரு கடையில் அந்த 18-300-ஐ மாட்டிவிடப் பார்த்தார்கள். அது சின்ன சென்சாருக்குச் செய்தது. மாட்டலாம், படமும் வரும், ஆனால் கேமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் 10 ஆகிவிடும்.

சமீபத்தில் யாராவது வாங்கியிருந்து சந்தேகம் இருந்தால், ரெசிட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். சுங்கை சிப்புட் பட்டணத்தில் இருந்தால் லென்சோடு வாருங்கள், முக்காலியும் பழைய நாளிதழும் என் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் என்றால் எனக்கு வசதி.