மில்லு வேலை, குளத்துக்கரை, ஒரு 8×42 பைனாகுலர்: 9 வருச அனுபவம்

2016 டிசம்பர்ல வாங்குனது. வாங்கி ஒரு வாரத்துல எழுதற ரிவ்யூ எவ்வளவோ கிடைக்குது, ஆனா ஒரு பைனாகுலர வருசக்கணக்கா பஸ்லயும் ரயில்லயும் தூக்கிட்டு அலைஞ்சா அது என்ன ஆகும், எது தேயும், எது தாங்கும்னு தமிழ்ல தேடுனப்ப எனக்கு ஒண்ணும் சிக்கல, அதனாலதான் இத எழுதறேன். பிராண்டு பேரு வேண்டாம், அந்த மாடல் இப்ப கடையில வர்றதும் இல்ல. அன்னிக்கு 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல ஆச்சு. அந்த மாசம் வீட்டுல எல்லாருக்கும் அது பெரிய தொகை, அப்பா மட்டும் ஒண்ணும் சொல்லல.

மொதல்ல என் வேலையச் சொல்லிடறேன், இல்லைனா மத்ததெல்லாம் புரியாது. கோயம்புத்தூர்ல இருக்கேன், ஸ்பின்னிங் மில்லுகளுக்கு ஆட்டோகோனர் சர்வீஸ் பண்றேன். ரிங் ஃப்ரேம்ல நூத்த நூலு சின்னச் சின்ன குழல்ல சுத்தி வரும், காப்னு சொல்லுவோம், அத பெரிய கோனா சுத்தற மெஷின் அது. சுத்தும்போதே நூல்ல எங்கயாவது தடிப்போ மெலிவோ இருந்தா சென்சார் கண்டுபிடிச்சு வெட்டிடும், வெட்டுன ரெண்டு முனையையும் காத்தழுத்தத்துலயே பிரிச்சு முறுக்கி முடிச்சே தெரியாம சேத்துடும். அந்தச் சேர்ப்பு பலமா இல்லைனா எனக்கு போன் வரும். மாசத்துல 18, 20 நாள் வெளியூர்தான். ராஜபாளையம், வேடசந்தூர், உடுமலை, புளியம்பட்டி, அப்பப்ப குண்டூர், வருசத்துக்கு ஒருக்கா குஜராத். மில்லுக்குள்ள சத்தம் 90 டெசிபல் பக்கம் இருக்கும், காதுல பிளக் போட்டுட்டுதான் நிப்போம், பேசறதெல்லாம் கை ஜாடைதான். பகல் முழுக்க அப்படி நின்னுட்டு லாட்ஜ் ரூமுக்கு வந்து படுத்தா ரூம் அமைதியா இருந்தாலும் காதுக்குள்ள மெஷின் ஓடிட்டே இருக்கும். இந்த வேலைக்கு வந்து மொத நாலு வருசம் லாட்ஜ்ல டிவி பாத்தேதான் சாயங்காலம் போச்சு, எந்த ஊருக்குப் போனேன்னு கேட்டா மில்லு கேட்டும் பஸ் ஸ்டாண்டும் தவிர ஒண்ணும் சொல்லத் தெரியாது.

சரி, 8×42 ஏன். 8ங்கறது எத்தனை மடங்கு கிட்டக் காட்டும்ங்கறது, 42ங்கறது முன்னாடி இருக்கற பெரிய லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. கடையில எல்லாரும் 10×42 எடுங்கன்னுதான் சொல்லுவாங்க, ஜாஸ்தி பெருசா தெரியும்னு. பெருசா தெரியும், கை நடுக்கமும் சேந்து பெருசா தெரியும். அது போக 42-ஐ 8-ஆல வகுத்தா 5.25, 10-ஆல வகுத்தா 4.2. கண்ணுக்குள்ள வந்து விழற வெளிச்ச வட்டத்தோட அளவு அது. பகல்ல ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனா எனக்குப் பகல்ல பாக்க நேரமே கிடையாது, காலைல அஞ்சரையில இருந்து ஏழு மணி வரைக்கும்தான், அப்புறம் எட்டு மணி ஷிஃப்ட்டுக்கு மில்லு கேட்டுல நிக்கணும். அந்த மங்கல் வெளிச்சத்துல 8 மடங்குதான் எனக்குச் சரியா வந்துச்சு. பார்வை வட்டமும் அகலம், அதனால பறக்கற குருவிய விட்டுட்டுத் தேட வேண்டியதில்ல.

இன்னொண்ணு, இத எத்தனையோ பேருக்கு நான் கைல புடிச்சுக் காட்டிருக்கேன். வலது கண்ணு பக்கம் ஒரு சின்ன வளையம் இருக்கும், டயாப்டர்னு பேரு. நம்ம ரெண்டு கண்ணுக்கும் பார்வை ஒரே மாதிரி இருக்காது. வலது பக்க லென்ஸக் கையால மூடிட்டு இடது கண்ணால மட்டும் ஒரு போர்டு எழுத்தப் பாத்து நடு சக்கரத்தத் திருப்பித் தெளிவாக்கிக்கணும், அப்புறம் இடது பக்கத்த மூடிட்டு சக்கரத்தத் தொடாம வலது வளையத்த மட்டும் திருப்பி அதே எழுத்தத் தெளிவாக்கணும். அவ்வளவுதான், ஒரு நிமிச வேலை. இத ஒருக்கா பண்ணிட்டா அந்த பைனாகுலர் உங்க கண்ணுக்குன்னு ஆயிடும். பண்ணாமயே வருசக்கணக்கா வெச்சிருந்துட்டு தலை வலிக்குதுன்னு மூலைல போட்டவங்க நிறைய பேரப் பாத்திருக்கேன். என் அளவு வந்த எடத்துல வெள்ளை நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வெச்சேன், பையில உரசி வளையம் திரும்பிட்டாலும் புள்ளியப் பாத்து சரி பண்ணிக்கலாம்.

மொத மூணு வருசம் ஒரு குறையும் இல்ல. 2017 பிப்ரவரில ராஜபாளையத்துல வேலை முடிஞ்சு ஒரு சனிக்கிழமை திருநெல்வேலி போய்த் தங்கி, மறுநாள் விடியக்காலைல மூலைக்கரைப்பட்டி வழியா கூந்தன்குளம் போனேன். சரணாலயம்னா கம்பி வேலி, டவர், தூரத்துல புள்ளி புள்ளியா பறவைன்னு நெனச்சுட்டுப் போனா, அங்க ஊருக்குள்ள தெருவுல இருக்கற மரத்துலயே கூடு. ஓட்டு வீடு, வாசல்ல கோலம், கோலத்துக்கு மேல கருவேல மரம், மரம் முழுக்க மஞ்சள்மூக்கு நாரை. பைனாகுலர எடுக்கறதே கூச்சமா இருந்துச்சு, அவ்வளவு பக்கம். ஆனா எடுத்துப் பாத்தேன். எட்டு மணிக்கு வெயில் ஏற ஆரம்பிச்சதும் ஒரு தாய் நாரை கூட்டு ஓரமா வந்து நின்னு ரெண்டு றெக்கையையும் பாதி விரிச்சு வெச்சுட்டு அப்படியே அசையாம நின்னுச்சு. என்ன பண்ணுதுன்னு மொதல்ல புரியல. ஃபோக்கஸ ஒரு நூல் அளவு திருப்புனேன், அந்த றெக்கை நெழலுக்குள்ள மூணு குஞ்சு வாயத் தொறந்துட்டு மூச்சு வாங்கிட்டு உக்காந்திருந்துச்சு. தாய்க்கு முதுகுல நேர் வெயில். நான் பாத்த இருபது நிமிசமும் அது எடம் மாறல, சூரியன் நகர நகர றெக்கைய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக்குச்சு.

பக்கத்துல திண்ணைல உக்காந்திருந்த பெரியவர், "எய்யா, எந்த ஊரு?"ன்னு கேட்டார். சொன்னேன். "எங்க ஊர்ல தீபாவளிக்கு வெடி கெடையாதுய்யா, பிள்ளையெல்லாம் கேக்காது, பழகிட்டு. கூட்டுல இருந்து குஞ்சு விழுந்தா எடுத்து வளப்போம்"னார். பறவை எச்சம் கலந்த கொளத்துத் தண்ணியும் வண்டலும் வயலுக்கு நல்ல உரம்னும் சொன்னார். எச்ச நாத்தம் பழகிடுமான்னு கேக்க வாய் வந்துச்சு, கேக்கல. அப்புறம் அவரே கையக் காட்டி, குளத்துக்குள்ள பாருன்னார். வரித்தலை வாத்து, இருநூறுக்கு மேல இருக்கும். வெள்ளைத் தலைல பின்னாடி ரெண்டு கறுப்புக் கோடு. மங்கோலியா, திபெத் பக்கத்துல இருந்து இமயமலையத் தாண்டி வர்ற வாத்து அது, ஒத்தைக் கால்ல நின்னு தூங்கிட்டு இருந்துச்சு. நான் ராஜபாளையத்துல இருந்து பஸ்ல வந்ததுக்கே களைப்புன்னு சொல்லிட்டிருந்தவன். அந்த வாத்தப் பாத்துட்டே ரொம்ப நேரம் நின்னேன்.

2018-ல குஜராத்ல கடிங்கற ஊருக்குப் புது மெஷின் ஓட்டிக் குடுக்கப் போயிருந்தேன், பஞ்சு ஜின்னிங் நிறைஞ்ச ஊரு. அங்கிருந்து பக்கத்துலதான் தோல்ங்கற பேர்ல ஒரு ஏரி, பறவை சரணாலயம். ஒரு ஞாயித்துக்கிழமை போய் சாரஸ் கொக்கு பாத்தேன், ஜோடியா, கோதுமை வயலுக்குள்ள, கிட்டத்தட்ட ஆளு உசரம். ரெண்டும் கழுத்த நிமித்தி ஒண்ணா குரல் குடுத்தது கேட்டதுதான் இன்னிக்கும் ஞாபகத்துல முன்னாடி வருது, காட்சி அதுக்கு அப்புறம்தான். குண்டூர் போனா உப்பலபாடு, அங்க ஊர் நடுவுல இருக்கற தண்ணிக் குளத்துல கூழைக்கடா மரத்துல உக்காந்திருக்கும். இந்த ஊர்ப் பேரெல்லாம் இப்ப எனக்கு மில்லு பேரோட சேந்தேதான் ஞாபகம் வருது.

இனி பழுது. 2019-ல ஒரு பஸ் ஸ்டாண்டுல பேக் ஜிப் சரியா மூடாம சிமெண்ட் தரைல விழுந்துச்சு. வெளிய ஒரு கீறல்கூட இல்ல. ஆனா கண்ணுல வெச்சா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது, பத்து நிமிசத்துல தலைவலி. உள்ள வெளிச்சத்தத் திருப்பிவிடற கண்ணாடிப் பட்டகம் (பிரிசம்) ஒரு பக்கம் கொஞ்சூண்டு நகந்துட்டா ரெண்டு குழாயும் ஒரே எடத்தப் பாக்காது, அதான் காரணம். கம்பெனி சர்வீஸுக்கு அனுப்புனேன், ரெண்டு மாசம் வெச்சிருந்துட்டு இது வாரண்டில வராதுன்னு தொறக்காமயே திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு அதுல ரொம்ப வருத்தம். நானும் சர்வீஸ் வேலைதான் பாக்கறேன், காசு வாங்கிட்டாவது பாத்துக் குடுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லலாம். கடைசில எங்க ஊர்லயே பழைய கேமரா ரிப்பேர் பண்ற ஒருத்தர்கிட்ட போனேன். அவர் மொதல்லயே சொல்லிட்டார்: "சரி பண்ணிடலாமுங்க, ஆனா உள்ள நைட்ரஜன் கேஸ் அடைச்சிருக்கு, தொறந்தா அது போயிடும், திருப்பி அடைக்க எங்கிட்ட வசதி இல்ல. மழைக்காலத்துல உள்பக்கம் வேர்க்கும், பாத்துக்குங்க." 900 ரூபா. ரெண்டு குழாயும் ஒண்ணாச்சு.

அவர் சொன்னது அப்படியே நடந்துச்சு. ஏசி ரூம்ல இருந்து வெளிய எடுத்தா லென்ஸுக்கு உள்ளாறயே பனி படியும், துணிய வெச்சுத் தொடைக்க முடியாத எடம். இப்பெல்லாம் கெளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே பைய மூடுனபடியே ரூமுக்கு வெளிய வராண்டாவுல வெச்சிடறேன், மெதுவா சூடு ஏறுனா வேர்க்கறதில்ல. மில்லுக்குள்ள கொண்டு போகவே கூடாது, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குப் பக்கத்துல வெச்சிருப்பாங்க, பஞ்சுத்தூசி வேற எந்தச் சந்துலயும் பூந்துக்கும். என்னோடதுல நடுக் கீலுக்குள்ள பஞ்சு சேந்து ஒருக்கா மடக்கவே முடியல.

அப்புறம் 2020. மில்லெல்லாம் நின்னுச்சு, நான் வீட்டுல. பைனாகுலர் அலமாரில துணிக்கு நடுவுல நாலு மாசம். அந்தச் சமயத்துல மனசு இருந்த நெலைக்கு அத எடுக்கத் தோணல. திரும்ப எடுத்து வெளிச்சத்துக்கு நேரா புடிச்சப்ப இடது குழாய்க்குள்ள செலந்தி வலை மாதிரி நூல் நூலா. ஃபங்கஸ். கேஸ் போன குழாய், இருட்டு, ஈரம், காத்தோட்டம் இல்ல, எல்லாம் சேந்தா வரத்தான் செய்யும். அதே ரிப்பேர்க்காரர்தான் சுத்தம் பண்ணிக் குடுத்தார், ஆனா லென்ஸ் பூச்சுல லேசா தடம் விழுந்துடுச்சு, எதிர் வெயில்ல பாத்தா மூட்டமாத் தெரியும். இப்ப ரப்பர் மூடி போட்ட பெரிய எவர்சில்வர் டிபன் டப்பாவுல ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் போட்டு வெக்கறேன். அது நெறம் மாறுனா சூடு பண்ணித் திரும்ப யூஸ் பண்ணலாம், ஆனா தயவுசெஞ்சு சமைக்கற பாத்திரத்துல வறுக்காதீங்க, நீல நெற ஜெல்லுல கோபால்ட் இருக்கு, அதுக்குன்னு தனி சட்டி வெச்சுக்குங்க. எல்லாத்தையும் விட நல்ல வைத்தியம் வாரத்துக்கு ரெண்டு நாளாவது வெளிய எடுத்து யூஸ் பண்றது.

கண்ணு வெக்கற ரப்பர் கப் 2022-ல கிழிஞ்சுது, சைக்கிள் டியூப வெட்டிப் போட்டிருக்கேன், நல்லாவே இருக்கு. கூட வந்த கழுத்துப் பட்டை மெலிசு, கிட்டத்தட்ட 700 கிராம் தொங்கறப்ப கழுத்து போயிடும், ரெண்டு தோள்லயும் மாட்டற பட்டை தனியா வாங்கிடுங்க. ஃபோக்கஸ் சக்கரம் மட்டும் மொத நாள் மாதிரியே இருக்கு.

பாத்தத சின்ன நோட்டுல எழுதி அப்புறம் ஈபேர்டுங்கற பறவைப் பதிவு வெப்சைட்டுல ஏத்திடுவேன். 2015-லேருந்து பொங்கல் நாலு நாளும் பறவைக் கணக்கெடுப்பு நடக்குதில்ல, 15 நிமிசம் மொட்டை மாடில நின்னு எண்ணுனாலே போதும், அதுல ஒரு வருசமும் விடறதில்ல. பாப்பா எண்ணுவா, நான் எழுதுவேன். மைனாவ மட்டும் எல்லா வருசமும் ஒண்ணு ரெண்டு கூட்டியே சொல்லுவா, நான் திரும்ப எண்ண வெப்பேன்.

அப்பாவப் பத்திச் சொல்லணும். அவரும் மில்லுதான், ரிங் ஃப்ரேம்ல 31 வருசம். அந்தக் காலத்துல காதுல பஞ்ச உருட்டி வெச்சுக்குவாங்களாம், அவ்வளவுதான் பாதுகாப்பு. ரிட்டையர் ஆகறப்பவே பாதிக் காது இல்ல, இப்ப பக்கத்துல நின்னு கத்துனாத்தான். குயிலு, செம்போத்து, கரிச்சான் எதுவும் அவருக்குக் கேக்காது. நான் மொட்டை மாடில நின்னு பாக்கறப்ப ஒரு மூலைல சேர் போட்டு சும்மா உக்காந்திருப்பார், கேட்டா வேண்டாம்பார். 2022-ல கண்புரை ஆபரேசன் ஆச்சு. ஆபரேசன் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை, எங்க வீட்டுக்குப் பின்னாடி கரண்டு கம்பில ஒரு பறவை உக்காந்திருந்துச்சு, மங்கலா பழுப்பா. நான் பைனாகுலர அவர் கைல குடுத்து, ஒரு கண்ண மூடி, இன்னொரு கண்ண மூடி, டயாப்டர அவருக்காகத் திருப்பித் திருப்பி, தெரியுதாப்பான்னு கைய ஆட்டிக் கேட்டுட்டே இருந்தேன். கையக் காட்டி நிறுத்துன்னார். பாத்துட்டே இருந்தார். அது கம்பிய விட்டு எறங்கி பறந்துச்சு, றெக்கைய விரிச்சதும் நீலம்னா அப்படியொரு நீலம், ரெண்டு தினுசு நீலம்.

"சாமி, பனங்காடை"ன்னார். சத்தமா சொன்னார், அவருக்குத் தன் குரலோட அளவு தெரியாது. "எங்கூட்டுத் தோட்டத்துல பனை மரத்துல இருக்கும். ஸ்கூலுக்குப் போகையில பாத்தது."

அந்த வாரமே வளையத்துல அவர் அளவுக்கு ரெண்டாவது புள்ளி வெச்சேன், செவப்புல. ஞாயித்துக்கிழமைல அது அவரோடது, நான் கேக்கறதில்ல.

வாங்கலாமான்னு கேட்டா, என்ன மாதிரி ஊர் ஊரா சுத்தற வேலைல இருக்கறவங்க யோசிக்காம வாங்குங்க. 8×42, உள்ள நைட்ரஜன் அடைச்சது, கண்ணாடி போட்டிருந்தா கப்ப மடக்குனாலும் முழு வட்டம் தெரியுதான்னு கடையிலயே பாத்துட்டு வாங்குங்க. புதுசு ஒண்ணு நான் இப்ப வாங்கற எண்ணம் இல்ல. எதிர் வெயிலுக்கு நான் எடம் மாறி நின்னுக்குவேன்.

இந்தத் திங்கக்கிழமை வேடசந்தூர்ல இருந்தேன். விடியக்காலைல லாட்ஜுக்குப் பின்னாடி குட்டைக்கரைல நின்னு பைனாகுலரக் கண்ணுல வெச்சேன், வலது பக்கம் எல்லாம் மங்கலா இருந்துச்சு. வளையத்தப் பாத்தேன், செவப்புப் புள்ளில நின்னுட்டு இருந்துச்சு. வெள்ளைக்குத் திருப்பிட்டு, தண்ணில முக்குளிப்பான் எத்தனைன்னு எண்ண ஆரம்பிச்சேன்.