சோழவந்தானில் 19,200

2002 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து லீவில் சோழவந்தான் போயிருந்தேன். மூன்று வாரத்தில் நான் அதிகம் பார்த்தது சொந்தக்காரர்களை அல்ல, விண்டோஸ் 98 திரையின் மூலையில் மினுக்கும் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்களைத்தான். போன் லைன் வழியாக இன்டர்நெட்டுக்குப் போக வைத்திருந்த மோடம் பெட்டியில் 56 கே, அதாவது நொடிக்கு 56,000 பிட், என்று போட்டிருந்தது. கனெக்ட் ஆனதோ 19,200. மனைவி அனுப்பிய 300 கேபி படம் இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. பாதியில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் லைனும் ஒழுங்காக இருந்தால்தான் 56-ஐ நெருங்கும், அதுவும் நமக்கு இறங்குகிற பக்கம் மட்டும். 31,200 வந்தாலே எனக்குப் போதும். திரையில் காட்டும் எண்கூட கனெக்ட் ஆன நேரத்து வேகம்தான்; பிறகு குறைந்தால் அது சொல்லாது. மோடத்தை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினேன், விண்டோஸையே அழித்துப் போட்டேன். "மாமா, மதுரை போய்ப் புது மோடம் வாங்கிருவோம்" என்றான் தங்கச்சி மகன். டவுன்ஹால் ரோட்டுக்குப் போக அவனுக்கு ஒரு சாக்கு.

டெலிபோன் ஆபீசில் புகார் கொடுத்து ஆறாம் நாள் லைன்மேன் வந்தார்.

"பேச நல்லாத்தானே இருக்கு தம்பி?"

"பேச்சுக்குச் சரிண்ணே. மோடத்துக்கு இந்த இரைச்சல் ஆகாது."

அவர் வாதாடவில்லை. டெஸ்ட் போனை மாட்டி ஒரே ஒரு எண்ணை அழுத்தினார். டயல் டோன் நின்றதும் என் காதில் வைத்தார். அப்பளம் பொரிகிற சத்தம்! மாடியில் அம்மாவுக்காக அதே லைனிலிருந்து இழுத்திருந்த பேரலல் போனைக் கழற்றச் சொன்னார். சத்தம் பாதி அடங்கியது. அப்புறம் ஏணி கேட்டார்.

வாசல் சன்ஷேடுக்குக் கீழே இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிய இடம் ஒன்று இருந்தது. டேப்பை உரித்தார். உள்ளே செம்பு பச்சையாகக் களிம்பு ஏறி, ஒரு முனை நூலிழையில் பிடித்துக்கொண்டிருந்தது. எத்தனை ஐப்பசி மழை குடித்த ஜாயிண்டோ! கத்தியால் சுரண்டி, புதிதாக முறுக்கி, டேப் சுற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் ஒரு வாரமாகக் கம்ப்யூட்டரைக் குடைந்துகொண்டிருந்தேன்.

இறங்கி வந்து காபி குடிக்கும்போதே டயல் செய்தேன். 31,200.

பேரலல் போனைத் திரும்ப மாட்டவில்லை. இப்போது நான் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டால், அம்மா மாடியிலிருந்து இறங்கி வரும்வரை மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.