பழைய வாட்கின் ரம்பம்: மோட்டாரை மாற்றுவதா, விஎஃப்டி வைப்பதா?

இங்கிலாந்தின் லெஸ்டரில் உருவான பழைய வாட்கின் மரவேலை மெஷின்கள் பெரும்பாலும் 415 வோல்ட் மும்முனை மின்சாரத்துக்கானவை. அங்கே வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட் ஒருமுனை.

சிங்கிள் ஃபேஸ் மோட்டார் மாட்டுவது சுலபம்: பெல்ட், புல்லி, ஸ்விட்ச், முடிந்தது. ரம்பத் தகடு மோட்டார் தண்டிலேயே பூட்டிய மாடல்களில் மட்டும் இந்தப் பேச்சே கிடையாது.

விஎஃப்டி, அதாவது ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக்கி மோட்டாரின் வேகத்தையும் கட்டுப்படுத்தும் டிரைவ், கொஞ்சம் வேலை வாங்கும். மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஸ்டாரில் (மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒன்றாக முடிச்சிட்ட இணைப்பு) கட்டிய ஆறு முனைகள் இருந்தால் டெல்டாவுக்கு (சுருள்களை முக்கோணமாக இணைப்பது) மாற்றி 230 வோல்ட்டில் ஓட்டலாம். மூன்றே இருந்தால், சுருளுக்குள் புதைந்த ஸ்டார் முடிச்சைத் தோண்டி எடுக்க வேண்டும். காய்ந்துபோன பழைய வார்னிஷ் தொட்டாலே உதிரும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். மெதுவாகக் கிளம்பும், அசல் மோட்டாரும் தப்பும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே மட்டும் ஸ்விட்ச் வைத்து ஓட்டத்தில் அணைக்காதீர்கள்; டிரைவ் பழுதாகலாம்.