பிராகாவில் எட்டு நாள், குடியாத்தத்தில் வீட்டுக்கு ஒரு போன்

குடியாத்தத்தில் மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றை நடத்துகிறேன். ஒன்பதாவது முதல் காலேஜ் முதல் வருஷம் வரை முப்பது முப்பத்தைந்து பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார், மீதி வீடுகளில் லுங்கித் தறி. போன வருஷம் போர்ச்சுகல் நாட்டின் பிராகா நகரத்தில், இளைஞர்களோடு வேலை செய்கிறவர்களுக்கான டிஜிட்டல் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தேன். எட்டு நாள், இருபத்திரண்டு பேர். நடத்தியது ஓர் ஐரோப்பிய அமைப்பு. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். அடுத்த முறை போகலாமா என்று வேலூரிலிருந்து இரண்டு பேர் கேட்டார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் காசு. தங்குவதும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. விமான டிக்கெட்டை நாம் எடுத்துவிட்டு, திரும்பி வந்து போர்டிங் பாஸ் அனுப்பினால் பணம் தருவார்கள். எனக்கு வர நான்கு மாதம் ஆனது. அதுவரை என் வளையல் சேட்டுக் கடையில் இருந்தது. ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டினேன். அதைத் தருவோம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை, கேட்டதால் கிடைத்தது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதல் இரண்டு நாள் டிஜிகாம்ப். டிஜிட்டல் திறன் என்றால் எதெது என்று ஐரோப்பிய ஆணையம் 2013-ல் வகுத்த பட்டியல் அது. 2022 பதிப்பில் ஐந்து பகுதிகள், 21 திறன்கள். கேட்கும்போது தூக்கம் வந்தது, உண்மை. ஆனால் பாதுகாப்பு என்று தனிப் பகுதியே இருக்கிறது, அதில் உடல்நலம்கூட வருகிறது. கம்ப்யூட்டர் கிளாஸ் என்றால் வேர்டும் எக்செலும் என்று இத்தனை வருஷம் ஓட்டியவளுக்கு அது உறைத்தது.

மூன்றாம் நாள் கஹூட் என்கிற வினாடி வினா விளையாட்டு. திரையில் கேள்வி, ஆளுக்கொரு போனில் பதில், பின்னால் பாட்டு, ஒரே கூச்சல். நன்றாகத்தான் இருந்தது. கையைத் தூக்கிச் சொன்னேன்: எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே ஒரு போன், அதுவும் அப்பா ஏழரைக்கு வேலை முடித்து வந்தால்தான். குழுவாகப் பிரித்துக்கொள்ளலாமே என்றார் பயிற்சியாளர். ஐந்து பேருக்கு ஒரு போன் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், போனைப் பிடித்திருப்பவன் விளையாடுவான், மற்ற நாலு பேர் அவன் தோளை இடித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு வேண்டியது காபி இடைவேளையில் கிடைத்தது. ருமேனியாவில் ஒரு கிராமத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் பையிலிருந்து ஒரு கட்டு அட்டை எடுத்தார். பிளிக்கர்ஸ். ஒவ்வோர் அட்டையிலும் வேறு வேறு கறுப்புக் கட்ட வடிவம், நாலு பக்கமும் ஏ, பி, சி, டி. எது விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி பிள்ளைகள் தூக்கிப் பிடிக்க வேண்டும். நாம் அதன் ஆப்பைத் திறந்து ஒரே ஒரு போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்று காட்டினால் போதும், யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். பிள்ளைகள் கையில் போனே வேண்டாம். அட்டையைப் பார்த்தால் பக்கத்துப் பிள்ளைக்கு விடை தெரியாது என்பதால் காப்பியும் அடிக்க முடியாது. பயிற்சி அட்டவணையில் இது ஒரு வரிகூட இல்லை!

பொய்ச் செய்தி வகுப்பில்தான் எனக்கு வருத்தம். ஒரு படத்தையே இணையத்தில் போட்டுத் தேடி அதன் மூலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மூன்று மணி நேரம். எங்கள் பக்கம் ஆளைக் கொன்றது வாட்ஸ்அப்பில் சுற்றிய பிள்ளை பிடிக்கிறவர்கள் வதந்தி. 2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த குடும்பத்தில் ஒரு பாட்டி குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் சேர்ந்து அடித்ததில் செத்துப்போனார். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் வந்த செய்தியை ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் சேர்ந்தாற்போல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றுவதாக வாட்ஸ்அப் அறிவித்தது. தெரிந்தவர் குரலில் ஆடியோ வந்தால் எதைப் போட்டுத் தேடுவது என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. பயிற்சியாளர் நல்ல மனுஷன், அன்று மாலை அட்டவணையில் இருந்ததை விட்டுவிட்டு இதையே பேச வைத்தார். எட்டு நாளில் ஆகச் சிறந்த ஒன்றரை மணி நேரம் அது.

இன்னொன்றும் கொண்டுவந்தேன். படம் எடுக்க வேண்டாம் என்பவர்கள் பேட்ஜில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும், வாயைத் திறந்து சொல்லத் தேவையில்லை. இங்கே ஸ்டிக்கர் பொட்டு வைத்துச் செய்கிறேன். முதல் வாரமே பதினோரு பெண் பிள்ளைகள் நோட்டு அட்டையில் பொட்டு ஒட்டினார்கள். இத்தனை நாள் அவர்கள் படத்தையெல்லாம் பேஸ்புக்கில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். 2023-ல் வந்த நம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான், பெற்றோர் சம்மதம் வேண்டும்.

சாப்பாடு: உப்புப் போட்டுக் காயவைத்த மீனை ஐந்து விதமாகச் செய்கிறார்கள். கருவாடு பிடித்தவர்கள் பிழைத்துக்கொள்வீர்கள். மற்றவர்கள் பருப்புப் பொடி எடுத்துப் போங்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. போகலாம். ஆனால் உங்கள் ஊரில் எத்தனை போன், எத்தனை மணிக்குக் கரண்ட், யார் வீட்டில் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பவில்லை, ஐந்து நாள் வீணானது.

அட்டைகளை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் லேமினேட் செய்தேன். பளபளப்பு, டியூப் லைட் பட்டு கேமரா படிக்கவில்லை. "இன்னாக்கா, போர்ச்சுகல் போயும் வேலைக்கு ஆவல?" என்றான் ஒரு பொடியன். இப்போது சாதா அட்டைதான். ஓரம் மடங்கினால் புதிதாக ஒன்று ஜெராக்ஸ்.